உங்கள் வெப்சைட்டுக்கு ஒரு சல்லடை: ஹெச்.டி.எம்.எல். ஃபில்டரை அமைப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் எடுத்தாயிற்று. மெயில் அனுப்பவும் படம் பார்க்கவும் பழகியாயிற்று. அடுத்து பலருக்கும் வரும் ஆசை, சொந்தமாக ஒரு வெப்சைட். ஊர்ச் சங்கத்துக்கு, பள்ளியின் பழைய மாணவர்களுக்கு, சொந்தத் தொழிலுக்கு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். ட்ரூபல், வேர்ட்பிரஸ், ஜூம்லா போன்ற இலவச சாஃப்ட்வேர்கள் கிடைப்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே தளத்தை எழுப்பிவிடலாம். நாம் மட்டும் எழுதும்வரை பிரச்சினை இல்லை. மற்றவர்களும் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டால் ஒரு கேள்வி வருகிறது. அவர்கள் அனுப்புவதில் எதை அப்படியே காட்டுவது, எதை நீக்குவது?

இந்த முடிவை நமக்காக எடுப்பதுதான் ஹெச்.டி.எம்.எல். ஃபில்டர். எல்லா சாஃப்ட்வேரிலும் இது முன்கூட்டியே அமைக்கப்பட்டுத்தான் வருகிறது. ஆனால் அந்த அமைப்பு உங்கள் தேவைக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. சல்லடைக் கண் மிகச் சிறியதாக இருந்தால் மாவும் கீழே இறங்காது. மிகப் பெரியதாக இருந்தால் கல்லும் சேர்ந்து இறங்கிவிடும். சரியான கண்ணைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

டேக் என்றால் என்ன?

வெப் பக்கங்கள் எல்லாம் ஹெச்.டி.எம்.எல். என்ற மொழியில் எழுதப்படுகின்றன. இதில் உள்ள கட்டளைகளுக்கு டேக் என்று பெயர். கோண அடைப்புக்குறிகளுக்குள் கட்டளையின் பெயரை எழுதினால் அது டேக். உதாரணமாக, ஸ்ட்ராங் என்ற டேக்குக்குள் இருக்கும் எழுத்து தடிமனாகத் தெரியும். டேபிள் என்ற டேக் அட்டவணை போடும். ஏ என்ற டேக் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுக்கும். இமேஜ் டேக் படத்தைக் கொண்டுவரும்.

டேக்கோடு சேர்ந்து வரும் கூடுதல் விவரத்துக்கு ஆட்ரிபியூட் என்று பெயர். லிங்க் எந்த முகவரிக்குப் போக வேண்டும், படம் எந்த ஃபைலில் இருக்கிறது, எழுத்து என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பவை எல்லாம் ஆட்ரிபியூட்கள்.

பெரும்பாலும் இவற்றால் ஆபத்து இல்லை. ஆபத்து ஸ்கிரிப்ட் என்ற டேக்கில் இருக்கிறது. அதற்குள் எழுதப்படுவது வெறும் எழுத்து அல்ல, ஒரு புரோகிராம். அந்தப் பக்கத்தைத் திறப்பவரின் பிரவுசர் அதை இயக்கும். யார் எழுதிய புரோகிராம் என்று பிரவுசர் கேட்காது. பக்கத்தில் இருக்கிறதா, இயக்கு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

இப்படி அடுத்தவர் தளத்தில் தன் ஸ்கிரிப்டை நுழைக்கும் தாக்குதலுக்கு கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங், சுருக்கமாக எக்ஸ்.எஸ்.எஸ். என்று பெயர். அமெரிக்காவின் செர்ட் அமைப்பு 2000 பிப்ரவரியிலேயே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் இந்தத் தொல்லை தீரவில்லை.

என்ன நஷ்டம் வரும்?

"நம் சின்ன தளத்தில் திருட என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். ஒரு உதாரணம் பாருங்கள். உங்கள் ஊர்த் தளத்தில் திருவிழாவுக்கான நன்கொடை அறிவிப்பு இருக்கிறது. பணம் அனுப்ப ஒரு க்யூ.ஆர். படமும் இருக்கிறது. பக்கத்தில் நுழைந்த ஸ்கிரிப்ட் அந்தப் படத்துக்குப் பதிலாக வேறொரு க்யூ.ஆர். படத்தைக் காட்ட முடியும். பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மேலே உங்கள் ஊர்ப் பெயர் இருக்கும், கீழே பணம் வேறு யாருக்கோ போகும்.

அட்மின் லாக் இன் செய்திருக்கும் நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் இன்னும் மோசம். அவர் பெயரில் புதிய யூசரைச் சேர்ப்பது, செய்திகளை அழிப்பது என்று அவரால் முடிந்த எல்லாவற்றையும் அந்த ஸ்கிரிப்டும் செய்துவிடலாம்.

மைஸ்பேஸ் சொல்லித் தரும் பாடம்

ஃபில்டர் இருந்தும் ஏமாந்த கதைக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் மைஸ்பேஸ். அந்தக் காலத்தில் இளைஞர்கள் தங்கள் பக்கத்தை விருப்பம்போல் அலங்கரிக்க இந்தத் தளம் ஹெச்.டி.எம்.எல். எழுத அனுமதித்தது. ஆபத்தானவை என்று தெரிந்தவற்றைத் தடை செய்தும் வைத்திருந்தது. ஸ்கிரிப்ட் டேக் வந்தால் நீக்கிவிடும். மவுஸ் க்ளிக் செய்யும்போது இயங்கும் கட்டளைகளையும் நீக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல் இருந்தால் அதையும் எடுத்துவிடும்.

2005 அக்டோபர் 4 அன்று சாமி காம்கர் என்ற 19 வயது இளைஞர் இந்தச் சல்லடையில் ஓட்டை கண்டுபிடித்தார். எழுத்தின் நிறம், பின்னணி போன்ற அலங்காரங்களைக் குறிக்கும் ஸ்டைல் என்ற ஆட்ரிபியூட் தடைப் பட்டியலில் இல்லை. அதற்குள் தன் புரோகிராமை வைத்தார். ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லை ஜாவா, ஸ்கிரிப்ட் என்று இரண்டாக உடைத்து, நடுவில் ஒரு புதிய வரியைப் போட்டார். ஃபில்டருக்கு அது வேறு ஏதோ சொல்லாகத் தெரிந்தது. ஆனால் சில பிரவுசர்கள் இரண்டையும் ஒட்டிப் படித்து புரோகிராமை இயக்கிவிட்டன.

அவர் பக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் தாமாகவே அவருக்கு நண்பர்கள் ஆனார்கள். அவர்கள் பக்கத்திலும் அதே புரோகிராம் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்தவர்களுக்கும் அப்படியே. சுமார் 20 மணி நேரத்தில் 10 லட்சம் பேருக்கு மேல் இது பரவியது. தளத்தையே சற்று நேரம் நிறுத்திவைத்து சரிசெய்ய வேண்டியதாயிற்று. 2007 ஜனவரியில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூக சேவையும் தண்டனையாகக் கிடைத்தன.

நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக இருந்த ஆர்குட்டும் தப்பவில்லை. 2010 செப்டம்பர் 25, ஒரு சனிக்கிழமை. "நல்ல சனிக்கிழமை" என்று பொருள்படும் போர்த்துகீசிய வாழ்த்தோடு ஒரு ஸ்கிராப் செய்தி பரவியது. அதைப் பார்த்தாலே போதும், அதே செய்தி நண்பர்களுக்குப் போய்விடும். எதையும் க்ளிக் செய்யத் தேவையே இல்லை. அதுவும் எக்ஸ்.எஸ்.எஸ். வகைதான். ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது. ஆனால் பாடம் அப்படியே இருக்கிறது.

தடைப் பட்டியலா, அனுமதிப் பட்டியலா?

மைஸ்பேஸின் அடிப்படைத் தவறு, தடைப் பட்டியலை நம்பியது. கல்யாண வீட்டு வாசலில் திருடர்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத புதிய திருடன் உள்ளே வந்து பந்தியில் உட்கார்ந்துவிடுவான். பெயரைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னால் பழைய திருடனும் வந்துவிடுவான்.

இதற்கு மாறானது அனுமதிப் பட்டியல். யாருக்குப் பத்திரிகை வைத்தோமோ அவர்கள் மட்டும் உள்ளே வரலாம். மற்றவர் நல்லவரா கெட்டவரா என்று ஆராய வேண்டியதே இல்லை. நாளைக்குப் புதிதாக ஒரு டேக் வந்தாலும், நாம் பட்டியலில் சேர்க்காதவரை அது வெளியேதான் நிற்கும்.

எனவே முதல் விதி: ஃபில்டரில் இரண்டு முறையும் இருந்தால் எப்போதும் அனுமதிப் பட்டியலையே தேர்ந்தெடுங்கள். ஜூம்லாவில் குளோபல் கான்ஃபிகரேஷன் பகுதியில் டெக்ஸ்ட் ஃபில்டர்ஸ் என்ற டேப் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு யூசர் குழுவுக்கும் தடைப் பட்டியல், அனுமதிப் பட்டியல், ஹெச்.டி.எம்.எல். வேண்டாம், ஃபில்டரே வேண்டாம் என்று தனித்தனியாகத் தேர்வு செய்யலாம். முன்பின் தெரியாத பார்வையாளருக்கு "ஹெச்.டி.எம்.எல். வேண்டாம்" என்பதே சரி.

செயல்முறை: ட்ரூபலில் ஒரு டெக்ஸ்ட் ஃபார்மேட்

இனி நடைமுறைக்கு வருவோம். உதாரணத்துக்கு எங்கள் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். நான் ராயப்பன்பட்டிக்காரன். தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா, பக்கத்தில் சண்முகாநதி அணை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்ஜினியரிங் முடித்து வெளியூரில் சாஃப்ட்வேர் வேலைக்கு வந்துவிட்டாலும், நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஊர்ச் செய்தித் தளத்தின் செட்டிங்ஸ் என் பொறுப்பில்தான் இருக்கிறது. அதில் திராட்சை விலை, தோட்டக் குறிப்புகள், கோயில் மற்றும் மாதா கோயில் திருவிழா அறிவிப்புகள், பள்ளிச் செய்திகள் எல்லாம் வரும். எழுதுபவர்கள் ஏழெட்டு பேர். அவர்களில் ஒருவருக்கும் ஹெச்.டி.எம்.எல். தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

முதலில் ஒரு காகிதத்தில் தேவையை எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தேவைப்பட்டவை: தடிமன் எழுத்து, துணைத் தலைப்பு, புள்ளிப் பட்டியல், எண் பட்டியல், லிங்க், விலைக்காக அட்டவணை, எங்கள் தளத்திலேயே உள்ள படம். எழுத்து நிறம் மாற்றுவது, ஓடும் எழுத்து, பிற தளங்களின் பெட்டியைப் பக்கத்துக்குள் காட்டும் ஐஃப்ரேம் ஆகியவை தேவையில்லை. இந்தக் காகிதம்தான் உங்கள் அனுமதிப் பட்டியல்.

படி 1: அட்மினாக லாக் இன் செய்து கான்ஃபிகரேஷன் மெனுவுக்குப் போங்கள். அதில் கன்டென்ட் ஆதரிங் என்ற தலைப்பின் கீழ் டெக்ஸ்ட் ஃபார்மேட்ஸ் அண்ட் எடிட்டர்ஸ் என்று இருக்கும். அதை க்ளிக் செய்யுங்கள். பேசிக் ஹெச்.டி.எம்.எல்., ரெஸ்ட்ரிக்டட் ஹெச்.டி.எம்.எல்., ஃபுல் ஹெச்.டி.எம்.எல்., ப்ளெயின் டெக்ஸ்ட் என நான்கு ஃபார்மேட்கள் வழக்கமாக இருக்கும். இவற்றில் ஃபுல் ஹெச்.டி.எம்.எல்.-க்கு டேக் கட்டுப்பாடு கிடையாது. அது அட்மினிடம் மட்டும் இருக்கட்டும்.

படி 2: ஏற்கெனவே இருப்பதை மாற்றாமல், ஆட் டெக்ஸ்ட் ஃபார்மேட் பட்டனை அழுத்திப் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். "ஊர்ச் செய்தி" என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

படி 3: ரோல்ஸ் என்ற இடத்தில் இந்த ஃபார்மேட்டை யார் பயன்படுத்தலாம் என்று டிக் செய்யுங்கள். ஒருவருக்கு அனுமதி இல்லாத ஃபார்மேட்டில் உள்ள செய்தியை அவரால் திருத்த முடியாது என்பதையும் கவனிக்கவும். அட்மின் ஃபுல் ஹெச்.டி.எம்.எல்.-ல் எழுதிய விலைச் செய்தியைத் தோட்டக்கார நண்பர் திருத்தப் போனால், பெட்டி பூட்டியே இருக்கும். ஆகவே மற்றவர்கள் திருத்த வேண்டிய செய்தியை அட்மினும் பொது ஃபார்மேட்டிலேயே எழுத வேண்டும்.

படி 4: எடிட்டராக சி.கே. எடிட்டர் 5 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் பட்டன்கள் ஒரு வரிசையிலும், செயலில் உள்ள பட்டன்கள் இன்னொரு வரிசையிலும் தெரியும். நம் காகிதத்தில் உள்ளவற்றுக்கான பட்டன்களை மட்டும் கீழே இழுத்துவிடுங்கள். சோர்ஸ் என்ற பட்டனைத் தர வேண்டாம். அது டேக்குகளை நேரடியாகத் திருத்துவதற்கானது. வேர்ட் பிராசசர் போல எழுதப் பழகியவர்களை அது குழப்பிவிடும்.

படி 5: கீழே ஃபில்டர்களின் பட்டியல் வரும். அதில் "லிமிட் அலவ்டு ஹெச்.டி.எம்.எல். டேக்ஸ்" என்று தொடங்குவதை அவசியம் டிக் செய்யுங்கள். அனுமதிப் பட்டியல் இதுதான். நீங்கள் சேர்த்த பட்டன்களைப் பார்த்து, தேவையான டேக்குகளை சாஃப்ட்வேரே இந்தப் பட்டியலில் நிரப்பிக்கொள்ளும். எடிட்டர் வேண்டாம் என்று விட்டிருந்தால் மட்டும் நீங்களே டைப் செய்ய வேண்டும். ஸ்டைல் ஆட்ரிபியூட், மவுஸ் பட்டவுடன் இயங்கும் கட்டளைகள், ஜாவாஸ்கிரிப்ட் முகவரிகள் ஆகியவற்றை இந்த ஃபில்டர் எப்போதுமே நீக்கிவிடும். மைஸ்பேஸில் நுழைந்த வழி இங்கே அடைபட்டிருப்பதைக் கவனியுங்கள்.

படி 6: படங்களை நம் தளத்துக்குள் மட்டும் கட்டுப்படுத்தும் ஃபில்டரையும் டிக் செய்யுங்கள். வேறு தளத்திலிருந்து படத்தை இழுத்துக் காட்டினால், அந்தத் தளக்காரர் எப்போது வேண்டுமானாலும் படத்தை மாற்றிவிடலாம். இன்று மல்லிகைப்பூ, நாளை ஏதாவது அசிங்கம். தளம் உங்களுடையது, பழியும் உங்களுக்கு.

படி 7: டேக் கட்டுப்பாட்டு ஃபில்டரின் செட்டிங்ஸில் லிங்க்குகளுக்கு "நோ ஃபாலோ" சேர்க்கும் வசதி இருக்கிறது. இதைப் போட்டால், அந்த லிங்க்கை உங்கள் பரிந்துரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தேடல் தளங்களுக்குச் சொல்வதாகும். விளம்பர லிங்க்குகளைத் திணிப்பவர்களின் ஆர்வத்தைக் குறைக்க 2005-ல் கூகுள் கொண்டுவந்த ஏற்பாடு இது. முன்பின் தெரியாதவர்கள் எழுதும் ஃபார்மேட்டுக்கு இது அவசியம். நம்பிக்கையான எழுத்தாளர்களுக்குத் தேவையில்லை.

வரிசையும் முக்கியம்

ஒரு ஃபார்மேட்டில் பல ஃபில்டர்கள் இருந்தால் அவை ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும். எது முதலில் என்பதை ஃபில்டர் பிராசசிங் ஆர்டர் என்ற இடத்தில் இழுத்து மாற்றலாம். டைப் செய்த முகவரியைத் தானாக லிங்க் ஆக்கும் ஃபில்டர் ஒன்று உண்டு. அது ஏ டேக்கை உருவாக்குகிறது. அதற்குப் பிறகு டேக் கட்டுப்பாட்டு ஃபில்டர் ஓடி, அதன் பட்டியலில் ஏ டேக் இல்லை என்றால், ஒருவர் செய்ததை அடுத்தவர் அழித்துவிடுவார். "லிங்க் வேலை செய்யவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் இந்த வரிசையைப் பாருங்கள். வரி உடைப்புகளை பாராவாக மாற்றும் ஃபில்டருக்கும் இதே கணக்குதான்.

ஃபில்டர் தின்றுவிடும் செய்தி

அதிகக் கட்டுப்பாடும் தீங்கு செய்யும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். முதலாவது, அட்டவணை. விலைப் பட்டியலில் ரகம், கிலோ விலை, பெட்டி விலை என்று மூன்று கட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டேபிள் டேக் அனுமதிப் பட்டியலில் இல்லாவிட்டால், ஃபில்டர் கட்டங்களை எடுத்துவிட்டு எண்களை மட்டும் விட்டுவைக்கும். எல்லா எண்களும் ஒரே வரியில் ஒட்டி நிற்கும். எது கிலோ, எது பெட்டி என்று தெரியாமல் வியாபாரியிடம் பேசப் போகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இரண்டாவது, கணக்கில் "குறைவு" என்பதைக் குறிக்கும் கோணக் குறி. கம்ப்யூட்டர் கீபோர்டில் அந்தக் குறியும் டேக்கைத் தொடங்கும் குறியும் ஒன்றே. ஒருவர் தோட்டக் குறிப்பில், மருந்து அடித்து 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் பழம் பறிக்காதீர்கள் என்பதைச் சுருக்கி, "குறைவாக" என்ற சொல்லுக்குப் பதில் அந்தக் குறியைப் போட்டு, ஒட்டி 15 என்று எழுதுகிறார். (15 என்பது இங்கே வெறும் உதாரணம்.) பி.ஹெச்.பி. மொழியில் டேக்குகளை நீக்கும் ஸ்ட்ரிப் டேக்ஸ் என்ற எளிய கட்டளை இதைப் பார்த்தால், ஏதோ ஒரு டேக் தொடங்கிவிட்டது என்று நினைத்து, மூடும் குறியைத் தேடிக்கொண்டே மீதியை நீக்கிவிடும். பக்கத்தில் "மருந்து அடித்து" என்பது மட்டும் நிற்கும். பறிக்காதீர்கள் என்ற எச்சரிக்கை காணாமல் போயிருக்கும்.

எனவே எழுதுபவர்களிடம் சொல்லிவையுங்கள்: குறைவு, அதிகம் என்பதைக் குறியால் எழுதாமல் சொல்லாகவே எழுதுங்கள். கோணக் குறி வந்தே தீர வேண்டிய இடத்தில் ப்ளெயின் டெக்ஸ்ட் ஃபார்மேட் நல்லது. அது எந்தக் குறியையும் நீக்காது. எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக மாற்றி, டைப் செய்தது போலவே காட்டிவிடும்.

தமிழுக்கென்று இரண்டு எச்சரிக்கைகள்

இணையத்தில் தமிழ் முதலில் பரவிய காலத்தில் திஸ்கி, டாப், டாம் என்று பல எழுத்து முறைகள் இருந்தன. அவற்றில் பக்கத்தில் சேமிக்கப்பட்டவை உண்மையில் ஆங்கில எழுத்து மற்றும் குறிகளின் எண்கள்தான். அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்தது ஃபான்ட். எந்த ஃபான்ட் என்பதைச் சொல்வது ஃபான்ட் டேக். ஃபில்டர் அந்த டேக்கை நீக்கினால், தமிழ் முழுவதும் பொருளற்ற குறிகளாக மாறிவிடும். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். அதற்கு முந்தைய ஃபைல்களில் இன்றும் இந்தப் பழைய எழுத்து முறைகளைப் பார்க்கலாம்.

உங்கள் சங்கத்தின் பழைய மலர் ஒன்றைத் தளத்தில் ஏற்றும்போது இந்தச் சிக்கல் வந்தால், ஃபான்ட் டேக்கை அனுமதிப் பட்டியலில் சேர்த்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். மொபைலில் அந்த ஃபான்ட் இருக்காது. தேடல் தளங்களுக்கும் அது தமிழ் என்று தெரியாது. கன்வெர்ட்டர் மூலம் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிறகு ஏற்றுங்கள்.

அடுத்தது, யூனிகோடிலேயே வரும் தகராறு. யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் தேவை. "கு" என்பதில் கவும் உகரக் குறியும் சேர்ந்திருப்பதால் 6 பைட். பக்கம் எந்த எழுத்து முறையில் இருக்கிறது என்று ஃபில்டருக்குத் தெரியாவிட்டால், ஒரு தமிழ் எழுத்தை மூன்று மேலைநாட்டு எழுத்துகளாக எடுத்துக்கொள்ளும். பி.ஹெச்.பி.-யில் குறிகளைப் பாதுகாப்பாக மாற்றும் கட்டளைகள் 2012-ல் 5.4 பதிப்பு வரும்வரை மேற்கு ஐரோப்பிய எழுத்து முறையையே இயல்பாக வைத்திருந்தன. அதனால்தான் அந்தக் காலத்துத் தளங்களில் "த" என்று எழுதினால், தலையில் கோடு போட்ட ஒரு ஆங்கில எழுத்தும், வட்டத்துக்குள் ஒரு குறியும், நாணயம் போல ஒரு குறியும் வந்து நின்றன. இன்றும் பழைய புரோகிராமை வாங்கிப் போட்டால் இதைச் சந்திக்கலாம். தளம், டேட்டாபேஸ், ஃபில்டர் மூன்றிலும் யூ.டி.எஃப்.-8 என்றே இருக்கிறதா என்று பாருங்கள்.

சேமிக்கும்போதா, காட்டும்போதா?

செட்டிங்ஸை மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான விஷயம் இது. ட்ரூபல், எழுதியதை அப்படியே டேட்டாபேஸில் வைத்துக்கொண்டு, பக்கத்தைக் காட்டும்போது ஃபில்டர் செய்கிறது. அதனால் அனுமதிப் பட்டியலை இன்று இறுக்கினால், போன வருடம் எழுதிய பக்கங்களும் இன்றே மாறும். பட்டியலைத் திரும்பத் தளர்த்தினால் பழையபடி வந்துவிடும். ஆனால் ஒரு ஃபார்மேட்டையே முடக்கிவிட்டால், அந்த ஃபார்மேட்டில் எழுதிய எல்லாச் செய்திகளும் பக்கத்திலிருந்து மறைந்துவிடும். எனவே தேவையில்லை என்று அவசரப்பட்டு எதையும் முடக்காதீர்கள்.

வேர்ட்பிரஸ் வேறு மாதிரி. அதில் உள்ள ஃபில்டருக்கு கேசெஸ் என்று பெயர். கட்டுரையைச் சேமிக்கும்போதே அது வேலை செய்துவிடும். நீக்கப்பட்டது நீக்கப்பட்டதுதான், செட்டிங்ஸை மாற்றினாலும் திரும்பி வராது. சாதாரணத் தளத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர், எடிட்டர் ஆகிய இருவருக்கும் இந்த ஃபில்டர் கிடையாது. ஆதர், கன்ட்ரிபியூட்டர் ஆகியோருக்கு உண்டு. இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். அட்மின் ஐஃப்ரேம் வைத்து எழுதிய பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழையை எடிட்டர் திருத்தினால் ஒன்றும் ஆகாது. தன் பெயரில் இருக்கும் அதே பக்கத்தை ஆதர் திறந்து சேமித்தால் ஐஃப்ரேம் காணாமல் போய்விடும்.

யூடியூப் வீடியோ வைப்பதற்காக எல்லோரையும் எடிட்டர் ஆக்கிவிடுவது சிலர் கையாளும் குறுக்கு வழி. இது வீட்டுக்கு வரும் பால்காரருக்கு பீரோ சாவியைக் கொடுப்பது போல. வீடியோவின் முகவரியைத் தனி வரியில் ஒட்டினாலே வேர்ட்பிரஸ் அதை வீடியோவாக மாற்றிக்கொள்ளும். ஆதருக்கும் இந்த வசதி உண்டு.

சோதித்துப் பாருங்கள்

அமைத்து முடித்ததும், எழுத்தாளர் ரோலில் ஒரு சோதனை யூசரை உருவாக்கி அதில் லாக் இன் செய்யுங்கள். அட்மினாக இருந்து சோதித்தால் உண்மை தெரியாது. பின் இவற்றை ஒவ்வொன்றாகச் சேமித்துப் பாருங்கள்.

1. தடிமன், பட்டியல், அட்டவணை, லிங்க், படம் எல்லாம் சரியாகத் தெரிகின்றனவா?

2. நீண்ட தமிழ்ப் பத்தி ஒன்றில் எழுத்துகள் சிதையாமல் இருக்கின்றனவா?

3. குறைவு என்ற கோணக் குறியை எண்ணோடு ஒட்டி எழுதினால் மீதி வரி நிற்கிறதா?

4. ஸ்கிரிப்ட் டேக்குக்குள் அலெர்ட் என்ற கட்டளையை வைத்துச் சேமித்தால் திரையில் பெட்டி எதுவும் குதிக்காமல் இருக்கிறதா? பெட்டி வந்தால் ஃபில்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். உடனே படி 5-க்குத் திரும்புங்கள்.

நான்காவது சோதனையை உங்கள் சொந்தத் தளத்தில் மட்டுமே செய்யுங்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் தளத்தில் இப்படி விளையாடினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ம் பிரிவு பாயலாம். அதில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு.

கடைசியாக ஒன்று. ஃபில்டரும் ஒரு சாஃப்ட்வேர்தான். அதிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும், அப்டேட் வரும். அப்டேட் அறிவிப்பு வந்தால் பேக்கப் எடுத்துக்கொண்டு உடனே போட்டுவிடுங்கள். யாராவது புதிய வசதி கேட்டால், பட்டியலில் ஒரு டேக்கைச் சேர்க்கும் முன், "இது இல்லாமல் அந்த வேலை நடக்காதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தளத்தில் ஓடும் எழுத்து கேட்டவர்கள் உண்டு. தடிமன் எழுத்தோடு அவர்கள் சமாதானம் ஆனார்கள். அட்டவணை கேட்டவர்களுக்கு அட்டவணை கிடைத்தது. விலைக்கு அது தேவைப்பட்டது.